மூட்டையில் முதல் ஆள்

"உங்கள மாதிரி ஆளுங்கதான் நல்லா மடங்குவீங்க" என்றாள் ஜாஸ்பின்.

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். கம்ப்யூட்டர் படித்த பெண். நிலாவுக்கு வேலையாட்களைக் கட்டி அனுப்பும் கொட்டகையில் அவளுக்கு வேலை. கட்டுவது என்றால் கயிறு போட்டு இல்லை. உடம்பு தூத்துக்குடியிலேயே குளிர் அறையில் கிடக்கும். தலைக்குள் இருப்பதை மட்டும் சுருக்கி, ஒரு மூட்டையாக்கி, மேலே அனுப்புவார்கள். அங்கே இருக்கிற இரும்பு உடம்புகளில் அதை அவிழ்ப்பார்கள். மழை மாசங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்த மாசங்களுக்கு நிலாவில் மண் வார ஆள் எடுத்தார்கள். வாருவது எங்களுக்குப் புதிதா?

"மடங்குததுன்னா?" என்று கேட்டார் ஐகோர்ட் அண்ணன். முழுப்பேர் ஐகோர்ட்துரை. எங்கள் குழுவில் இருந்த ஏழு பேரில் வயசில் மூத்தவர், வாய் அடங்காதவர்.

"ஒரே மாதிரி இருக்கிறத ஒரு தடவ மட்டும் வச்சுக்கிட்டு, மத்த இடத்துல எல்லாம் 'அதேதான்'னு ஒரு குறி போட்டுருவோம். நீங்க எத்தன வருஷமா உப்பு வாருறீங்க, அத்தன நாளையும் வைக்க வேண்டாம். ஒரு நாள் போதும். மிச்சமெல்லாம் குறி."

"அப்பம் என் ஆயுசு ஒரு நாளுக்குள்ள அடங்கிரும்ங்க."

"கிட்டத்தட்ட."

"என் வீட்டுக்காரியும் இதையேதான் சொல்லுதா. அவளுக்கு யாரு சம்பளம் குடுக்கா?"

எல்லோரும் சிரித்தோம். ஜாஸ்பினும் சிரித்தாள். ஆபீஸ் ஆட்களைக் கட்டினால் மூட்டை வீங்கிவிடும் என்றாள். அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் வேறு வேறாம். அதனால்தான் கம்பெனி உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் வந்து ஆள் தேடுகிறதாம்.

"வீங்குனா என்ன? பெரிய மூட்டையாக் கட்ட வேண்டியதுதான" என்றேன் நான்.

"முடியாதுக்கா. மூட்டை மேல அதோட அளவ எழுத ஒரு கட்டம் இருக்கு. இந்த முறையக் கண்டுபிடிச்சவங்க அந்தக் கட்டத்தச் சின்னதா வச்சுட்டாங்க. அதுக்கு மேல யாருக்குத் தேவைப்படும்னு அந்தக் காலத்துல நினைச்சிருக்காங்க. அளவு அதத் தாண்டிட்டா எண்ணு கட்டத்துல நிக்காது, மறுபடியும் பூச்சியத்துல இருந்து ஆரம்பிச்சிரும். மேல இருக்கிற மெஷின் அதப் பாத்துட்டு, இது காலி மூட்டைன்னு தூக்கிப் போட்டுரும்."

"ஆளோடயா?"

"ஆளோடதான். போன வருஷம் ஒரு குழுவுக்கு அப்படி ஆச்சு. அவங்க உடம்பு இன்னும் குளிர் அறையிலதான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

"பெரிய கட்டம் வச்ச முறை ஒண்ணும் வரலியா?" என்று கேட்டேன்.

"எப்பவோ வந்துட்டு. மேல இருக்கிற மெஷினுக்கு அதப் படிக்கத் தெரியாது. மாத்தணும்னா ஆள் நேருல போகணும். கம்பெனி அதுக்குச் செலவழிக்கல. குழுவுக்கு ஒரே மூட்டைதான் தருவாங்க." அவள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பயப்பட வேண்டாம். ஒரே அளத்துல ஒண்ணா வேலை செஞ்சவங்க. ஒருத்தர் கண்டத மத்தவங்களும் கண்டிருப்பீங்க. சேர்த்துக் கட்டினா, எல்லாரும் கண்டத ஒரே ஒரு தடவ வச்சாப் போதும். கொள்ளும்."

அப்படியும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஆளுக்கு ஒன்றை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றாள். எதை விடுவது என்று அவரவர் தனியாக வந்து சொல்லலாம்.

ஐகோர்ட் அண்ணன் மாமனார் வீட்டில் இருந்த இரண்டு வருஷத்தை விட்டார். தனியாகச் சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். எஸ்தர் பிரசவ வலியை விட்டாள். எழுத்துப் படிக்கும் முன்னால் பேர்ப்பலகை தெரியாமல் பஸ் மாறி மாறி ஏறி அலைந்த நாட்களை நான் விட்டேன். அது எனக்கும் பாரம்தான். பூவம்மா உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்னட்டி இம்புட்டு நேரம்? விடுததுக்கு அவ்வளவு கெடக்கா?" என்று கேட்டேன்.

"எதை விடன்னு தெரியலக்கா" என்றாள். கண் சிவந்திருந்தது.

பூவம்மா எனக்கு அடுத்த வீடு. என் வீட்டுக்காரர் தவசிமுத்து செத்த பிறகு, என்னைச் சோறு தின்ன வைத்தவள் அவள்தான். மாசக்கணக்கில் என் பாயிலேயே படுத்தாள். நான் அழுதால் கூட அழுவாள். சில நேரம் என்னைவிடக் கூட அழுவாள்.

அவர் செத்தது அளத்தில். கடல் தண்ணீர் வரும் கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மோட்டார் குழாய் வாயில் அடைத்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆள் ஏறும் முன்னால் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். வயரில் கசிவு. உப்புத் தண்ணீரில் கரண்டு பாய்ந்தால் என்ன மிஞ்சும்? குடித்துவிட்டு அவராக இறங்கினார், கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடியது என்று உப்பளக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. அவர் ஆயுசில் குடித்ததில்லை. கல்யாண வீட்டில் அவருக்கு மட்டும் கலர் சோடா வாங்கி வைப்பார்கள், கேலி பேசிக்கொண்டே.

மோட்டார் ஓடிய உடனே சூப்பர்வைசர் வில்சன் கொட்டகையில் இருந்து வெளியே வந்ததை வரப்பில் நின்ற ஆறு பேரும் பார்த்தோம். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பூவம்மா மட்டும் தண்ணீர் குடிக்கப் போயிருந்ததாகச் சொன்னாள். எங்கள் சாட்சியை வைத்துத்தான் வக்கீல் கோமதிநாயகம் வழக்குப் போட்டிருந்தார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் குடித்துவிட்டுச் சாகவில்லை என்று கோர்ட்டு சொல்ல வேண்டும்.

"தை மாசம் விசாரணை. அதுக்குள்ள திரும்பி வந்துருவீங்கல்லா?" என்று கேட்டிருந்தார் வக்கீல்.

"பொங்கலுக்கு முன்னால வந்துருவோம்யா. நாங்க கண்டது எங்க போயிரும்?" என்றேன்.

கட்டும் நாள் அன்று ஜாஸ்பின் கேட்டாள்: "யாரு முதல்ல?"

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீசனின் முதல் உப்பைக் கைராசி உள்ள ஆள்தான் வார வேண்டும். அந்தக் கை தொட்டுக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் பாத்தியில் இறங்குவோம். வருஷா வருஷம் பூவம்மாதான் வாருவாள். அவள் கைபட்டால் உப்பு மணி மணியாக விளையும்.

"பூவம்மா" என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "போ ட்டீ. உன் ராசிதான் எங்களக் கொண்டு போயிட்டுக் கொண்டாரணும்."

போனாள்.

நிலாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெளிச்சம், இருட்டு, மண். இரும்புக் கைக்கு வலி கிடையாது, அதனால் நிறுத்தச் சொல்லி எதுவும் சொல்லாது. வேலை நேரத்தில் வேறு நினைப்பு ஓடாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். மழை முடிந்ததும் திரும்பக் கட்டி அனுப்பினார்கள். தூத்துக்குடியில் கண்ணைத் திறந்தபோது நாக்கு வறண்டிருந்தது. ஜாஸ்பின் வெந்நீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி அவர் படத்துக்கு முன்னால் நின்றேன். கோர்ட்டுக்குப் போக வேண்டும், சொல்ல வேண்டியதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று அந்த நாளை நினைத்தேன்.

நான் மோட்டார் கொட்டகைக்குள் நிற்கிறேன். ஜன்னல் கம்பி வழியாகக் கால்வாய் தெரிகிறது. அவர் தண்ணீரில் நிற்கிறார். எனக்குப் பின்னால் வில்சன் குரல்: "ஏறிட்டான். போடு." ஏறவில்லை. எனக்கு நன்றாகத் தெரிகிறது. "போடுதியா, நாளையில இருந்து வீட்ல இருக்கியா?" என் கை நீள்கிறது. சுவிட்சை அமுக்குகிறது.

விளக்கு அணைந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். வேறு எதுவும் வரவில்லை. வில்சன் வெளியே வந்ததைப் பார்த்தோம் என்று ஊரெல்லாம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பார்த்தது ஞாபகம் இல்லை. அப்படியானால் நான் பொய் சொல்லியிருக்கிறேன். என் கையால் அவரைக் கொன்றுவிட்டு, அதை மறைக்கக் கதை கட்டியிருக்கிறேன். பிறகு அந்தக் கதையை நானே நம்பியிருக்கிறேன். இத்தனை நாள் அழுததும் நடிப்பா?

அவர் படத்தைத் திருப்பி வைத்தேன். பூவம்மா வழக்கம்போலச் சோறு கொண்டுவந்தாள். கதவைத் திறக்கவில்லை. வழக்கை வாபஸ் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். காரணம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் ஒருநாள் ஐகோர்ட் அண்ணன் வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வந்து, சடாரென்று என் காலில் விழுந்தார்.

"தங்கச்சி, என்னக் கோர்ட்டுக்குக் கூப்பிடாத. என்னால நிக்க முடியாது. தவசியக் கொன்னது நான்."

"எந்திரிங்கண்ணே. என்ன பேசுதிய?"

"நான்தான் அமுக்குனேன். வில்சன் சொன்னான், நான் அமுக்குனேன். அவன் ஏறலன்னு தெரிஞ்சே அமுக்குனேன்."

"நீங்க எங்க அமுக்குனிய? நான்லா அமுக்குனேன்!"

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நான் சொல்லுதேன், என் கையால—"

"என் கையாலண்ணே! எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் சண்டை போட்டோம். அவரைக் கொன்றது யார் என்று அவர் படத்துக்கு முன்னால் சண்டை. கடைசியில் அண்ணன் சுவரோரம் போய் உட்கார்ந்தார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்:

"கனி, ஒண்ணு சொல்லுவேன். சிரிக்கப்படாது. அந்த நினைப்புல... நான் சேலை கட்டியிருக்கேன்."

"என்னது?"

"சேலை. மேல சட்டை. பொம்பளைங்க அளத்துல போடுவியள்லா, அதே மாதிரி. அமுக்குததுக்கு முன்னால முந்தானைய இழுத்து இடுப்புல சொருகுதேன். நிலாவுல என்னமோ கொழப்பிட்டானுவன்னு நினைச்சேன். வெளிய சொல்ல முடியுமா?"

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஜன்னல் வழியாப் பாருங்க. வரப்புல யாரு நிக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீ நிக்க. தலையில கூடை." கொஞ்சம் நிறுத்தினார். "உனக்கு அந்தாண்ட நான் நிக்கேன். வெத்தலை மெல்லுதேன்."

நானும் கண்ணை மூடினேன். வரப்பில் கூடையோடு நிற்கும் அந்தப் பொம்பளையை அதுவரை நான் உற்றுப் பார்க்கவில்லை. நான்தான். என் முகத்தை வெளியே இருந்து பார்க்கிறேன். ஒருத்திக்குத் தன் முகம் அப்படித் தெரியுமா? அவளுக்குப் பக்கத்தில் எஸ்தர், அவளைத் தாண்டி மற்ற மூன்று பேர். ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தோம். எல்லோரும் வரப்பில் நின்றோம். ஒருத்தி மட்டும் நிற்கவில்லை.

அந்தப் பேரை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கண்ணைத் திறக்காமல் இன்னும் கொஞ்சம் பார்த்தேன். கரண்டு பாய்வதற்கு முன்னால் அவர் வரப்பைப் பார்த்துத் திரும்புகிறார். என்னைப் பார்க்கிறார். வாய் அசைகிறது. ஏதோ சொல்கிறார். நான் சிரிக்கிறேன். கொட்டகைக்குள் சுவிட்சுப் பெட்டியின் ரீங்காரம்தான் கேட்கிறது. எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு. எனக்கு அன்றைக்குக் கேட்டிருக்கிறது, கேட்டுத்தான் சிரித்திருக்கிறேன். இப்போது அது என்னிடம் இல்லை.

மறுநாள் ஜாஸ்பினிடம் போனோம். நாங்கள் சொல்வதை அவள் முழுக்கக் கேட்டாள்.

"எல்லாரும் கண்டத ஒரு தடவதான் வைப்போம்னு சொன்னேனேக்கா."

"யாரு கண்டத வைப்பீங்கன்னு சொல்லலியே."

"யாரும் கேக்கலக்கா." உடனே தன்னைத் திருத்திக்கொண்டாள். "ஒருத்தங்க கேட்டாங்க. தனியா வந்தப்ப. 'எல்லாரும் கண்டதுல யாரோடது நிக்கும்'னு. முதல் ஆளோடது நிக்கும், மத்தவங்களுக்கு அதக் காட்டுற குறிதான் இருக்கும்னு சொன்னேன். 'அவிய எப்படியும் என்னத்தான் முதல்ல போகச் சொல்லுவாவ'ன்னாங்க. அப்புறம், விட்டுட்டுப் போக வேண்டியது எதுன்னு சொன்னாங்க."

"எது?"

"அந்த நாளு."

ஐகோர்ட் அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அவ விட்டுட்டுப் போயிருந்தா எங்களுக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"மூட்டையில இருந்து எடுக்க முடியாது. உங்க ஆறு பேரோட குறியும் அதத்தான காட்டுது. அவங்களுக்கு அதக் காட்டுறத மட்டும் எடுத்துட்டோம். இப்ப அது உங்க எல்லார்கிட்டயும் இருக்கு. அவங்ககிட்ட மட்டும் இல்ல."

"எங்களோட பழசு? இந்த உடம்புல இருந்தது?"

"மூட்டைய அனுப்பினதுமே பழசை அழிச்சிருவோம்க்கா. ரெண்டும் இருந்தா ஆளு ரெண்டாயிருவாங்க." அவள் குரல் இறங்கியது. "நானும் இங்க காண்ட்ராக்ட்தான். இதெல்லாம் வெளிய வந்து சொன்னா வேலை போயிரும்."

பூவம்மா தெரிந்து செய்தாளா? தன் பாரத்தை எங்கள் தலையில் ஏற்றிவிட்டுப் போகத் திட்டம் போட்டாளா, இல்லை, மறக்க மட்டும் ஆசைப்பட்டாளா? நான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளாமல் இருந்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கியிருப்பாளா? அவளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அதைச் செய்த பூவம்மாவை அவளே அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டாள். இங்கே இருப்பவளுக்குப் பதில் தெரியாது.

வக்கீலிடம் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"சட்டத்துல இதுக்கு இன்னும் வழி இல்லம்மா. ஆனா வில்சன் 'போடு'ன்னு சொன்னது ஆறு பேருக்கும் கேட்டிருக்கு. ஆறு பேரும் கண்டத அப்படியே சொல்லுங்க. பாப்போம்."

சொன்னோம். ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, "நான்தான் அமுக்கினேன், வில்சன் சொல்லித்தான் அமுக்கினேன்" என்று சொன்னோம். மற்ற சாட்சிகள் வெளியே காத்திருந்தார்கள். வழக்குப் போட்டவள் என்பதால் நான் மட்டும் உள்ளேயே இருந்தேன். ஐகோர்ட் அண்ணன் சேலையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். பின்பெஞ்சில் சிரித்தார்கள். அவர் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலில் இருந்து சொன்னார்.

கம்பெனி வக்கீல் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, இந்த ஆறு பேரும் பொய் சொல்லலைன்னே வச்சுக்குவோம். ஆறு பேர் சொன்னதும் ஒரே ஆளோட நினைவுன்னு அவங்களே சொல்றாங்க. அப்ப இது ஆறு சாட்சி இல்ல, ஒரே சாட்சி. அந்த ஒரு ஆள் வந்து சொல்லட்டும்."

பூவம்மாவைக் கூப்பிட்டார்கள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள், எனக்காக வேண்டிக்கொண்டு பூசிய திருநீறு நெற்றியில். உள்ளே வந்ததும் கண்ணால் என்னைத்தான் தேடினாள். பார்த்ததும் லேசாகத் தலையை ஆட்டினாள், பயப்படாதே என்பது போல.

"சம்பவ நாள்ல நீங்க மோட்டார் கொட்டகையில இருந்தீங்களா?"

"இல்லீங்கய்யா. தண்ணி குடிக்கப் போயிருந்தேன்."

"போனது ஞாபகம் இருக்கா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அந்த நாளு எனக்குள்ள இல்லீங்கய்யா. ஆனா தண்ணி குடிக்கப் போனேன்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். அப்பம் அப்படித்தான இருக்கும்? பொய்யா சொல்லியிருப்பேன்?"

"சுவிட்ச அமுக்கச் சொல்லி வில்சன் யார்ட்டயாவது சொன்னாரா?"

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

அவ்வளவுதான். எங்கள் வக்கீல் எழுந்து நீதானே அமுக்கினாய் என்று சத்தம் போட்டுப் பார்த்தார். அவள் மிரண்டு போய் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு அழுக்கு இல்லை. நீதிபதியும் அதைப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அவளைத்தான் நம்பியிருப்பேன்.

நேரில் கண்ட சாட்சி இல்லை என்று தீர்ப்பாயிற்று. இறந்தவர் போதையில் இருந்தார் என்று கம்பெனி சொன்னதை மறுக்க ஆதாரம் இல்லை என்றும் வாசித்தார்கள். போதை என்ற சொல்லை அவர் பேருக்குப் பக்கத்தில் வைத்து ஒருவர் உரக்க வாசித்தார். வில்சன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டே வெளியே போனான், சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்றுதான் இருக்கும்.

கோர்ட்டு வளாகத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. பூவம்மா டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடிக்கா. காலையில இருந்து ஒண்ணும் தின்னல."

வாங்கிக் கீழே வைத்தேன்.

"அந்த வக்கீலு என்னைப் பாத்து நீதான அமுக்குனேங்காரு. எல்லார்ட்டயும் அப்படித்தான் கேட்டாரா?"

"ஆமா. எல்லார்ட்டயும்."

"நான் பயந்தே போனேன். உன் முகத்தப் பாத்துத்தான் தைரியம் வந்துச்சு." அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "மாமாவப் போயி குடிகாரன்னு சொல்லிட்டாவளேக்கா. எந்தப் பாவி அமுக்குச்சோ, அது நல்லாயிருக்குமா? ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தா இன்னைக்கு இப்படி ஆகியிருக்குமா? யாருன்னு உனக்குத் தெரியும்லா? கோர்ட்டுக்குள்ளதான இருந்த. எனக்கிட்ட மட்டும் சொல்லுக்கா. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் அழுகை பொய்யில்லை. அவருக்காக என்னோடு அழ இந்த ஊரில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். நீதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நம்ப மாட்டாள். நம்பினாலும், செய்யாத ஒன்றுக்காக ஒருத்தி அழுவது போலத்தான் அழுவாள். எனக்கு வேண்டியவள் அவள் இல்லை. அந்தக் கொட்டகைக்குள் நின்றவள் வேண்டும். அவள் இப்போது என்னிடம்தான் இருக்கிறாள்.

"நான்தான்" என்றேன்.

"என்னக்கா?"

"நான்தான்ட்டி அமுக்குனேன். அவரு ஏறலன்னு தெரியும். வேலை போயிருமேன்னு அமுக்குனேன். தெரிஞ்சேதான்."

என் முகத்தையே பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் விளையாடவும் இல்லை. எத்தனை தடவை தேடினாலும் எனக்குள் அதுதான் இருக்கிறது.

"உன் புருஷனையா?" என்றாள். "எனக்கிட்ட அழுதியே. என் மடியில படுத்து அழுதியேக்கா. எப்படி உனக்கு மனசு வந்துச்சு?"

என் கையை மடியில் இருந்து எடுத்துக் கீழே வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். பிறகு தன் வலது கையைச் சேலையில் துடைத்தாள். உப்பில் வெடித்த விரல்கள், நகக்கண்ணில் வெள்ளை. கொட்டகையில் என் கண்ணுக்கு முன்னால் நீண்டு சுவிட்சை அமுக்குகிற அதே கை. அதை முதல் தடவையாக வெளியே இருந்து பார்த்தேன். துடைத்து முடித்துவிட்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.